விடுமுறைப் பயணமும் வாய்விட்டுச் சொல்லாத மசக்கையும்



பாடசாலை விடுமுறை நெருங்கும் மாதங்களில் எங்கள் தாய்மார் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. எல்லோர் முன்னிலையிலும் அதைக் கேட்கமாட்டார்கள். கூட்டம் முடிந்து, தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, "மிஸ், எனக்கு ரெண்டு மாசம். வீட்டில எல்லாருமாய் நுவரெலியாவுக்கு வான் பிடிச்சிருக்கினம். நானும் போகலாமோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

போகலாமா என்பதற்குப் பதில் சொல்வது கடினமல்ல. இரத்தக் கசிவு, அடிவயிற்று நோ, முன்னர் கரு கலைந்த அனுபவம், வேறு நோய்கள் ஏதும் இருந்தால் கிளினிக்கில் வைத்தியரைக் கேட்காமல் வெளிக்கிடக் கூடாது. அப்படி ஒன்றும் இல்லாத ஆரோக்கியமான பெண்ணுக்கு, வாகனத்தில் ஏறியதால் கரு கலைந்துவிடும் என்பது நம்மிடையே நிலவும் வீண் பயம். ஆனால் அந்தப் பெண்கள் உண்மையில் கேட்க நினைப்பது இதையல்ல. "வழி நெடுகச் சத்தி வந்தால் என்ன செய்வேன், யாரிடம் சொல்வேன்?" என்பதுதான் மனதில் கிடக்கிறது. இம்மாதம் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம்.

கர்ப்பிணிகளில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் குமட்டலோ வாந்தியோ உண்டாகிறது. பெரும்பாலும் 6ஆவது வாரமளவில் தொடங்கி, 9ஆவது, 10ஆவது வாரங்களில் உச்சத்துக்குப் போய், 12 முதல் 16 வாரங்களுக்குள் தணியும். சிலருக்கு 20ஆவது வாரம் வரையும் இழுபடும். ஆங்கிலத்தில் இதைக் 'காலை நோய்' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் நிச்சயமாகப் பிள்ளை பெற்றவராக இருக்கமுடியாது. மசக்கை நண்பகலிலும் வரும், நடுச்சாமத்திலும் வரும்.

"நாங்கள் பெறாத பிள்ளையோ? எங்கட காலத்தில ஒரு சத்தியும் இல்லை, நெல்லும் குத்தினனாங்கள்" என்று சொல்லும் மாமிமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் 'நேச்சர்' என்ற விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் ஓராஹிலியும் அமெரிக்க ஆய்வாளர் மார்லீனா ஃபெஜ்சோவும் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில் நமது நாட்டு ஆய்வாளர்களும் பங்குகொண்டார்கள். கருவோடு சேர்ந்து வளரும் சூல்வித்தகம் ஜீ.டீ.எஃப்.15 என்ற ஹோர்மோனைப் பெருமளவில் சுரக்கிறது. அது தாயின் மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்னர் உடலில் இந்த ஹோர்மோன் குறைவாக இருந்தவளுக்கு, அது திடீரென்று கூடும்போது தாக்கம் கடுமையாக இருக்கிறது. முன்பே கூடுதலாக இருந்து பழகிய உடலுக்கு அவ்வளவு தெரிவதில்லை. தலசீமியா நோயுள்ள பெண்களுக்கு இயல்பாகவே இது அதிகம். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவாகவே வந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஆகவே மாமிக்கு வராததும் மருமகளுக்கு வருவதும் உடம்பின் வேறுபாடு. மன உறுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மார்லீனா ஃபெஜ்சோவே 1999இல் கடும் வாந்தி நோயினால் தமது கருவை இழந்தவர். அவர் மிகைப்படுத்துகிறார் என்று அப்போது பார்த்த வைத்தியரே நினைத்தாராம். 2012 டிசம்பரில் இங்கிலாந்தின் இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின் இதே நோயினால் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதைச் சிலர் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

இனி, நமது வழக்கம் ஒன்றைப் பார்ப்போம். மூன்று மாதம் நிறையும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்பது பல குடும்பங்களில் உண்டு. நாவூறு படும் என்பார்கள். கரு கலைவது பெரும்பாலும் இந்த முதல் மாதங்களில்தான் என்பதால், சொல்லிவிட்டுப் பிறகு ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாமே என்ற நியாயமும் அதற்குள் இருக்கிறது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சொல்லக்கூடாத மாதங்களும் சத்தி வரும் மாதங்களும் ஒன்றாக இருக்கின்றன. வீட்டிலென்றால் கிணற்றடிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம். பதினான்கு பேர் நெருக்கியடித்து இருக்கும் வானில் எங்கே போவது?

2018 ஆகஸ்டில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் சுற்றுலா ஒன்று ஒழுங்கு செய்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வழியாக நுவரெலியா. கூட வந்தவர்களில் ஒரு தங்கச்சிக்கு அப்போது எட்டாவது வாரம். அதற்கு முந்திய வருடம் ஒரு கரு கலைந்திருந்தது. வைத்தியரைக் கேட்டு, போகலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் வந்திருந்தாள். கணவனையும் தாயையும் தவிர எவருக்கும் தெரியாது. வவுனியாவில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது என்னிடம் சொன்னாள். "அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." (அவளிடம் கேட்டு, அவள் எழுதச் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

வேலைக்கு அண்மையில் சேர்ந்தவள் என்பதால் பஸ்ஸில் அவளுக்குக் கிடைத்தது பின் சில்லுக்கு மேலிருந்த சீற். முன்னால் மேலதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் கணக்காளர், பிறகு நாங்கள் என்று வரிசை தானாகவே அமைந்துவிட்டது. சாரதியின் கண்ணாடியில் மல்லிகை வாசனைப் போத்தல் ஒன்று தொங்கியது. நடுவில் ரோல்சும் மிக்சரும் கைமாறிக்கொண்டிருந்தன. பைலாப் பாட்டு ஒரு பக்கம். தம்புள்ளையில் மதியச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. கேட்டவர்களுக்கு "விரதம்" என்றாள். புதன்கிழமை என்ன விரதம் என்று ஒருவர் பகிடி விட்டார்.

கண்டியைத் தாண்டி, கம்பளை கழிந்து, புசல்லாவைப் பக்கம் வளைவுகள் தொடங்கியதும் அவளால் தாங்க முடியவில்லை. சொப்பிங் பைக்குள் மூன்று தடவை எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் மஞ்சள் பித்தம் மட்டும்தான் வந்தது. நான் எழுந்து போய்ச் சாரதியிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் பேசாமல் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் ஓரங்கட்டினார். பொறுப்பாக வந்தவரிடம், "இவவுக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது, முன்னுக்கு இருக்க விடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தார். அதன்பிறகு றம்பொடை வளைவுகளில்கூட அவள் சத்தி எடுக்கவில்லை.

இரவு நுவரெலியாவில் கட்டிலிலிருந்து எழும்பியபோது தலை சுற்றி விழப் பார்த்தாள். விடியற்காலை வீட்டை விட்டு வெளிக்கிட்ட பின்னர் அவள் சலம் கழித்தது ஒரேயொரு தடவை. வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். சலத்தைப் பரிசோதித்து, சேலைன் ஏற்றினார்கள். அங்கிருந்த பெண் வைத்தியர் முதலில் கேட்டது வாந்தியைப் பற்றி அல்ல. "கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்?" என்றுதான். வவுனியாவில் இரண்டு மிடறு. ஏன் குடிக்கவில்லை? குடித்தால் வழியில் சலம் வரும், நிறுத்தச் சொல்ல வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள்.

சகோதரிகளே, வாந்தி மட்டுமென்றால் அவள் உடம்பு அன்று தாங்கியிருக்கும். தண்ணீரை நிறுத்தியதைத்தான் அது தாங்கவில்லை. கர்ப்பிணியோ இல்லையோ, பயணம் என்றதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது நம் பெண்களில் பலருக்குப் பழக்கம். ஆண்கள் வீதியோரம் வானை நிறுத்தி ஒதுங்குவார்கள். நாங்கள் அடுத்த பட்டணம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம். சாதாரண நாளில் அதனால் தலையிடி வரும், சலக்கடுப்பு வரும். மசக்கைக் காலத்தில் அது வைத்தியசாலை வரைக்கும் கொண்டு போய்விடும்.

மறுநாள் மற்றவர்கள் ஹக்கலப் பூங்காவுக்குப் போக, நாங்கள் இருவரும் அறையிலேயே தங்கினோம். குளிர்ந்த வத்தகப்பழத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2019 மார்ச்சில் பெண் பிள்ளை பிறந்தது. இப்போது பாடசாலைக்குப் போகிறது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் குடும்பத்தில் அதிகாரம் யாரிடம் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். குடும்பச் சுற்றுலா வான் ஒன்றை வாசலில் நின்று பார்த்திருந்தால் அவ்வளவு எழுதத் தேவையிருந்திராது. முன் சீற்றில் மாமா. அவருக்குப் பின்னால் மாமியும் கொழும்பிலிருந்து வந்த மச்சாளும். யன்னலோரமெல்லாம் பிள்ளைகள். கடைசி வரிசையில், காலடியில் சாப்பாட்டுப் பெட்டியும் மடியில் யாருடையதோ குழந்தையுமாக மருமகள். அந்தச் சாப்பாட்டுப் பெட்டியின் மணம் முழுவதும் அவளுக்குத்தான்.

முன் சீற் சொகுசுக்காக மட்டும் கேட்கப்படுவதல்ல. நமது சமநிலையை உணர்வது உட்காது. வாகனம் வளைந்து குலுங்குவதைக் காது உணர்கிறது. முன்னாலிருக்கும் சீற்றின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ ஒன்றும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு பிரட்டுகிறது. முன்னால் இருந்து தூரத்து வீதியைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். பின் வரிசையில் குலுக்கமும் கூடுதல். கைத்தொலைபேசியைப் பார்ப்பது நிலைமையை இன்னும் கெடுக்கும். சாதாரணமாகவே பஸ்ஸில் சத்தி வரும் பெண்களுக்கு மசக்கையும் சற்றுக் கடுமையாக வருவதுண்டு. அவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ரயில் ஓடும் இடமென்றால் ரயில் நல்லது. எழுந்து நடக்கலாம், மலசலகூடமும் இருக்கும்.

வடக்கிலிருந்து போகும் வான் எதுவானாலும் முறிகண்டியில் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் ஏறுவோம். அங்கே நிறுத்த யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கால் நீட்டவும் மலசலகூடம் போகவும் நிற்பதையும் வெளிக்கிட முன்னரே சாரதியோடு பேசி அப்படி ஒரு வழக்கமாக்கிவிட்டால், எவளும் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. எந்த எரிபொருள் நிலையத்தில், எந்தச் சாப்பாட்டுக் கடையில் துப்புரவான மலசலகூடம் இருக்கிறது என்று நெடுந்தூரம் ஓடும் சாரதிமாருக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். வாசனைப் போத்தலையும் அப்போதே கழற்றி வைக்கச் சொல்லலாம்.

கர்ப்பத்தை எல்லோருக்கும் சொல்ல விருப்பமில்லையா? சொல்ல வேண்டாம். "எனக்கு வாகனத்தில் சத்தி வரும்" என்று சொன்னால் போதும். அது பொய்யுமல்ல. ஆனால் வானில் இருக்கும் ஒருவருக்காவது முழு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். கணவன் என்றால் மிகவும் நல்லது. நிறுத்தச் சொல்வதும், "இன்னும் எவ்வளவு தரம்?" என்று முகம் சுளிப்பவருக்குப் பதில் சொல்வதும் அவருடைய வேலை. அதை அவரிடம் முதல் நாளே தெளிவாக ஒப்படைத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சத்தி வரும் என்ற பயத்தில் வெறும் வயிற்றோடு ஏறுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். படுக்கையை விட்டு எழும்ப முன்னரே இரண்டு கிறீம் கிறாக்கரோ ஒரு துண்டு ரஸ்க்கோ சாப்பிட்டு, சற்று நேரம் படுத்திருந்து எழும்புங்கள். பயணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கையளவு ஏதாவது போதும். சுடச்சுட இருக்கும் உணவின் ஆவியும் மணமும்தான் பலருக்கு ஒத்துவராது. ஆறிய பாண், தயிர், வெள்ளரிக்காய், தோடம்பழம் போன்றவை இலகுவாக இறங்கும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், இடையிடையே ஒவ்வொரு மிடறாகக் குடியுங்கள். வெறும் தண்ணீர் ஒத்துவராவிட்டால் தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, அல்லது இளநீர். நாலைந்து தரம் சத்தி எடுத்தவருக்கு ஜீவனி நல்லது. பைக்கற்றில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, மிச்சத்தை மறுநாள் ஊற்றிவிட வேண்டும். இஞ்சிப் பிளேன்ரீயும் இஞ்சி பிஸ்கட்டும் பலருக்குக் கைகொடுக்கின்றன. வெட்டிய தேசிக்காயை முகர்வதால் சுகம் காண்பவர்களும் உண்டு. சொப்பிங் பைகள் நாலைந்து கட்டாயம் தேவை. ஓட்டை இல்லையா என்று முதல் நாளே ஊதிப் பாருங்கள்! ஈரத்துணி, வாய் கொப்பளிக்க ஒரு போத்தல் தண்ணீர், இறுக்கமில்லாத உடுப்பு. சத்தி எடுத்த கையோடு பல் துலக்காமல், கொப்பளித்துவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். பல்லுக்கு அதுதான் நல்லது.

பார்மசியில் பயணக் குளிசை என்று கேட்டு வாங்கிப் போடுவது வேண்டாம். 1957இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற மருந்து பல நாடுகளில் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. 1961 இறுதியில் தடுத்து நிறுத்தப்படும் முன்னர், ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால்கள் குறைந்து பிறந்துவிட்டன. இதனால் கர்ப்பகாலத்தில் மருந்தே கூடாது என்று மறு எல்லைக்கும் போகக்கூடாது. மசக்கைக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி, பாதுகாப்பானவை என்று கண்ட மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியர் எழுதித் தருவார். பயணத்துக்கு ஒரு கிழமை முன்னர் கிளினிக்கில் கேளுங்கள். எட்டு வாரத்துக்குள் குடும்பநல மருத்துவ மாதுவிடம் பதிவு செய்திருந்தால் கர்ப்பிணிப் பதிவேடும் கையில் இருக்கும். போகும் இடமெல்லாம் அது உங்கள் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பயணப் பையின் அடியில் அல்ல.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, எட்டு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை அல்லது கடும் மஞ்சளாகப் போகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, சத்தியில் இரத்தம், வயிற்று நோ, காய்ச்சல், இரத்தக் கசிவு, இவற்றில் ஒன்றேனும் இருந்தால் சுற்றுலாவைப் பார்க்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. தெரியாத ஊரில் நிற்கும்போது அது பெரிய உதவி.

போக மனமில்லாதவர்கள் போகாமல் இருக்கலாம். நாலாம் மாதத்துக்குப் பிறகு பயணம் பெரும்பாலும் இலகுவாக இருக்கும். விடுமுறை அடுத்த தவணையும் வரும்.

கடைசியாக ஒரு குடும்பத்தைச் சொல்ல வேண்டும். சென்ற வருடம் கூட்டம் முடிந்த பின் என்னிடம் மெதுவாகக் கேட்ட பிள்ளையின் மாமியார், கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அந்தப் பிள்ளைக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுகிழமை மருமகள் வந்து மிச்சக் கதையைச் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் மாமியார் முதலில் இடத்தை மாற்றிவிட்டாராம். வளைவு நிறைந்த மலைநாடு வேண்டாம், திருகோணமலைக்குப் போவோம் என்று. பிறகு மாமாவைப் பார்த்து, "எனக்குக் கால் நோகுது, நான் பின்னுக்கு நீட்டி இருக்கப் போறன். நீங்களும் என்னோட வாங்கோ. முன்னுக்குச் சின்னவள் இருக்கட்டும்" என்றாராம். காரணம் மாமாவுக்கு இன்றுவரை தெரியாதாம். முறிகண்டியில் இறங்கும்போதுதான், "பின்னுக்கு இருந்தால் வயித்தைப் பிரட்டுதப்பா" என்று முனகினாராம். மாமியார் தன் பையிலிருந்து ஒரு துண்டு இஞ்சியை எடுத்துக் கொடுத்தாராம்.